செல் இல்லாத பை: ஆட்டிசமும் டியூக் ஸ்டெம் செல் ஆய்வும்

2023 மே மாதம். கோடை விடுமுறையில் எங்கள் பயிற்சி மையத்தில் கூட்டம் குறைவு. ஆட்டிசம் உள்ள நாலு வயது மகனைப் பாயில் உட்காரவைத்துவிட்டு, அவன் அம்மா என் மேசைமேல் ஒரு ஃபைலை வைத்தார். பையன் தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது நிற்கும்வரை பார்த்து, மறுபடி சுழலவிட்டுக்கொண்டிருந்தான்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. இவங்கப்பா ஜூன் 12க்கு தேதி வாங்கிட்டாரு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம போக மனசு வரல."

உள்ளே வழவழப்பான தாளில் ஒரு மருத்துவமனையின் கையேடு. ஸ்டெம் செல் (வேறு செல்களாக வளர்ந்து பெருகக்கூடிய மூலச் செல்) சிகிச்சை, சில நாள் தங்கல், கூடவே தெரபி, எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வில் நிரூபிக்கப்பட்டது.' பக்கத்தில் சிரிக்கும் குழந்தையின் படம்.

"இன்னொண்ணு டீச்சர். இவன் பொறந்தப்ப தொப்புள்கொடி ரத்தத்தை வேற சேமிச்சு வச்சிருக்கோம். அதை ஏத்தினா பேச்சு வந்துடுமா?"

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். இருபது வருஷ அனுபவத்தில் எனக்குத் தெரிந்தது, அந்த ஒரு வார்த்தை யாரையும் நிறுத்தாது; அடுத்த கதவைத் தட்டப் போவார்கள், அவ்வளவுதான். நான் சிறப்புக் கல்வி படித்தவள், மருத்துவர் இல்லை. ஆனால் 'நிரூபிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறார்களே, எது, எப்படி, யாரிடம் நிரூபிக்கப்பட்டது என்று பார்க்க மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். டியூக் வெளியிட்ட கட்டுரைகளை வரிசையாக எடுத்து வைத்துப் படித்தேன். அந்த அம்மாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பாரிசுக்குப் போன ரத்தம்

முதலில் டியூக்குக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல்கள் உண்டு; அந்த ரத்தம் மருந்தான கதையில் டியூக்குக்கு மூத்த பங்கு உண்டு. வடக்கு கரோலினாவில் ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோயோடு ஒரு சிறுவன் இருந்தான். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதை மெல்ல மெல்ல வற்றவைக்கும் நோய் அது. அவனைப் பார்த்துவந்தவர் டியூக்கின் குழந்தை மருத்துவர் ஜோஆன் கர்ட்ஸ்பெர்க். அவனுக்குத் தங்கை பிறந்தபோது தொப்புள்கொடியிலிருந்த ரத்தத்தைச் சேகரித்தார்கள். இண்டியானாவில் ஹால் பிராக்ஸ்மையரின் ஆய்வகம் அதை உறையவைத்தது. 1988இல் அந்த ரத்தம் பாரிசின் சான் லூயி மருத்துவமனைக்குப் போனது. அங்கே எலியான் குளுக்மன் அதை அண்ணனுக்கு ஏற்றினார். உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றுச் சிகிச்சை அதுதான். பையன் பிழைத்து வளர்ந்து ஆளானான்.

இந்த வெற்றியின் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும், பின்னால் இதிலேதான் சறுக்கல். ரத்த நோய்க்குச் செய்யும்போது முதலில் கடும் மருந்து கொடுத்துக் கெட்டுப்போன மஜ்ஜையை அழித்துவிடுகிறார்கள். காலியான இடத்தில் புதுச் செல்கள் குடியேறி, பெருகி, காலத்துக்கும் ரத்தம் ஊறவைக்கின்றன. பழைய குடியிருப்பை இடித்துவிட்டுப் புதுக் குடும்பத்தை வைப்பது மாதிரி. ரத்தப் புற்றுநோய், தலசீமியா என்று ஸ்டெம் செல் உண்மையிலேயே உயிர் காக்கும் இடங்களில் எல்லாம் நடப்பது இதுவே.

அடுத்து கர்ட்ஸ்பெர்க் குழு மூளையைத் தாக்கும் பரம்பரை நோய்களுக்கு நகர்ந்தது. ஹர்லர் நோயோடு பிறந்த 20 குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்த மாற்று செய்ததில் 17 பேர் உயிரோடு இருந்தார்கள் என்று 2004இல் வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைகள் உடலில் ஒரு நொதி பிறவியிலேயே சுரக்காது. புதிதாகக் குடியேறிய செல்கள் அதைச் சுரந்து கொடுத்தன. 2005இல் கிராபே நோய். அறிகுறி தோன்றுமுன்னே சிகிச்சை பெற்ற 11 பச்சிளம் குழந்தைகளும் பிழைத்தார்கள். அறிகுறி வந்தபிறகு செய்த 14 பேரிடம் நரம்பு வளர்ச்சியில் பெரிதாக எதுவும் திரும்பவில்லை. அதாவது, மூளைக்குள் நடக்கவிருந்த சேதத்தைத் தடுக்க முடிந்தது. நடந்து முடிந்ததைத் திருப்ப முடியவில்லை. இது அவர்களே கண்டுபிடித்துச் சொன்னது.

அங்கிருந்து மூளை முடக்குவாதம். குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து, மஜ்ஜையை அழிக்கும் வேலை எதுவும் இல்லாமல், சும்மா நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். 63 குழந்தைகள் கலந்துகொண்ட அந்த ஆய்வில் ரத்தம் பெற்றவர்களும் வெற்றுக் கரைசல் பெற்றவர்களும் பிரதான அளவுகோலில் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். அதிக எண்ணிக்கையில் செல் பெற்றவர்களிடம் மட்டும் கொஞ்சம் வேறுபாடு தெரிந்தது என்றார்கள். முடக்குவாதக் குழந்தைகளில் சிலருக்கு ஆட்டிசக் கூறுகளும் இருந்தன, ரத்தம் ஏற்றியபிறகு அவை தணிந்த மாதிரி தெரிந்தது என்று பெற்றோர் சொன்னார்கள். ஆட்டிச ஆய்வுக்கு வித்து விழுந்தது இப்படித்தான்.

ஏன் வேலை செய்யும் என்பதற்கு ஒரு ஊகமும் வைத்திருந்தார்கள். புது மூளைச் செல் முளைக்கும் என்றெல்லாம் அவர்கள் சொல்லவே இல்லை. அதைச் சொல்வது கையேடுகள்தான். ஆட்டிசம் உள்ள சிலரின் மூளையில், இறந்தபின் எடுத்துப் பார்த்தபோது, மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் விழிப்பு நிலையிலேயே இருந்ததை, அதாவது அழற்சி இருந்ததை, 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். தொப்புள்கொடி ரத்தத்தின் சில செல்கள் கொஞ்ச காலம் உடலில் சுற்றிவரும்போது சுரக்கும் பொருள்கள் அந்தக் காவலைத் தணிக்கலாம் என்பது ஊகம். ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இந்த அழற்சி இருக்கிறதா என்பதே முடிவாகாத விஷயம். ஊகத்தின் மேல் ஊகம். ஆராய்ச்சிக்கு இது தப்பே இல்லை, ஆராய்ச்சி தொடங்குவதே அப்படித்தான். வீட்டு நகையை அடகு வைக்க இது போதாது.

25 குழந்தைகள்

பணம் கொடுக்க ஆள் கிடைத்தார். ஹோம் டிப்போ என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலியின் நிறுவனர்களில் ஒருவரான பெர்னி மார்கஸின் அறக்கட்டளை 2014இல் 1.5 கோடி டாலர் அறிவித்தது. ஆட்டிச ஆராய்ச்சியில் பெயர்பெற்ற உளவியலாளர் ஜெரால்டின் டாசன் கர்ட்ஸ்பெர்க்கோடு சேர்ந்தார்.

முதல் கட்டத்தில் 2 முதல் 6 வயதுவரை 25 குழந்தைகள். பிறந்தபோது சேமித்த சொந்த ரத்தம் ஒரே ஒரு முறை நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. ஏற்றப்படுவது என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. இந்தக் கட்டத்தின் வேலை, ஆபத்து இல்லையே என்று பார்ப்பது. பெரிய ஆபத்து எதுவும் இல்லை. கூடவே நடத்தை, பேச்சு, பழகும் திறன் ஆகியவற்றையும் அளந்தார்கள். ஆறு மாதத்தில் மதிப்பெண்கள் ஏறியிருந்தன. ஏற்கெனவே சொல் சாராத அறிவுத்திறன் கூடுதலாக இருந்த குழந்தைகளிடம் ஏற்றம் கூடுதல். 2017இல் கட்டுரை வந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது என்ற பொருளில் அதை எழுதியவர்களே எச்சரித்திருந்தார்கள்.

தொலைக்காட்சிக்கு அந்த எச்சரிக்கை எதற்கு? சி.என்.என். ஒரு குடும்பத்தின் கதையோடு செய்தியை வெளியிட்டது. 10இல் 7 குழந்தைகள் முன்னேறினார்கள் என்ற எண் உலகம் சுற்றிவந்தது. எங்கள் ஊர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் இந்த 2017தான்.

இங்கே நான் என் மேசையிலிருந்து ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று வயதில் ஒரு பிள்ளை எங்களிடம் வரும். வந்ததும் வைன்லாண்ட் என்ற, அன்றாடத் திறன்களை அளக்கும் கேள்விப் படிவத்தை நிரப்புவோம். ஆறு மாதம் கழித்து அதே படிவத்தை எடுத்து அம்மாவை உட்காரவைத்துக் கேள்வி கேட்பேன். கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதைச் சுட்டிக் காட்டுகிறானா, மற்ற பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் போகிறானா. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு பெட்டியில் குறி மாறியிருக்கும். ஏன் மாறியது? ஆறு மாதம் வயசு கூடியிருக்கிறது. ஸ்பீச் தெரபி நடந்திருக்கிறது. பாட்டி ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பார். பால்வாடிக்குப் போக ஆரம்பித்திருப்பான். இது எல்லாவற்றுக்கும் மேலே, படிவத்துக்குப் பதில் சொல்வது அம்மாவின் கண். பெரிய செலவு செய்து கடல் கடந்து போய் வந்த அம்மா ஒவ்வொரு நாளும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். முன்பே இருந்த சின்னச் சிரிப்பும் அப்போதுதான் கண்ணில் படும். பொய் சொல்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை. சிரிப்பு உண்மை. எதனால் வந்தது என்பதுதான் கேள்வி.

ஆட்டிச உலகம் இதில் ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டது. செக்ரெடின் என்ற செரிமான ஹார்மோனை வயிற்றுப் பரிசோதனைக்காகப் பெற்ற மூன்று குழந்தைகள் பேசத் தொடங்கினார்கள் என்று 1998இல் ஒரு குறிப்பு வந்தது. பெற்றோர் கூட்டம் கூட்டமாக அந்த ஊசியைத் தேடினார்கள். 1999இல் 60 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குச் செக்ரெடினும் மீதிப் பேருக்கு உப்புநீரும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு குழுவும் முன்னேறின. ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. முடிவைப் பெற்றோரிடம் சொன்னபிறகும், நூற்றுக்கு 69 பேர் செக்ரெடினில் ஆர்வம் குறையவில்லை என்றார்கள். அந்த 69ஐப் படித்துவிட்டு நான் சிரிக்கவில்லை. அவர்கள் இடத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

180 குழந்தைகள், மூன்று வகைப் பை

இனிமேல்தான் டியூக் செய்த நல்ல காரியம். கையேடுகள் எட்டிக்கூடப் பார்க்காத பகுதியும் இதுதான்.

இரண்டாம் கட்டத்தில் 2 முதல் 7 வயதுவரை 180 குழந்தைகள். 56 பேருக்குத் தங்கள் சொந்தத் தொப்புள்கொடி ரத்தம். 63 பேருக்கு வங்கியிலிருந்து பொருத்தம் பார்த்து எடுத்த பிறரின் தொப்புள்கொடி ரத்தம். மீதி 61 பேருக்குச் செல்லே இல்லாத பை.

அந்த வெற்றுப் பையைத் தயாரித்த விதத்தை நான் இரண்டு முறை படித்தேன். வெறும் உப்புநீர் வைத்தால் குட்டு உடைந்துவிடும். ரத்தத்தை உறையவைக்கும்போது செல்கள் சிதையாமலிருக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தைச் சேர்ப்பார்கள். அது உடம்பில் ஏறியதும் மூச்சில் பூண்டு மாதிரி ஒரு வாசம் அடிக்கும். மடியில் குழந்தையை வைத்திருக்கும் அம்மாவுக்கு அந்த வாசமே காட்டிக்கொடுத்துவிடும், உள்ளே போனது எதுவென்று. அதனால் செல் வளர்க்கும் ஊட்டக் கரைசலை எடுத்து, அதில் நூற்றுக்கு ஒரு பங்கு டி.எம்.எஸ்.ஓ. கலந்து, வெற்றுப் பையையும் மணக்கவைத்தார்கள். பெற்றோருக்கும் தெரியாது, குழந்தையை அளப்பவருக்கும் தெரியாது. ஒரு ஆய்வு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளாமலிருக்க எவ்வளவு சின்ன விஷயத்தையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

ஆறு மாதம் கழிந்ததும் வெற்றுப் பை பெற்ற குழந்தைகளுக்கும் ரத்தம் கிடைக்கும்படி ஏற்பாடு. இல்லாவிட்டால் எந்தப் பெற்றோர் சம்மதித்திருப்பார்கள்?

எதை அளக்கப் போகிறோம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார்கள். பிரதான அளவு, வைன்லாண்ட் படிவத்தில் பழகும் திறனுக்கான மதிப்பெண், ஆறாவது மாதத்தில். அடுத்த நிலையில் ஆட்டிச அறிகுறிகளும் சொல்வளமும்.

2020இல் முடிவு வந்தது. மொத்தக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால், ரத்தம் பெற்றவர்களுக்கும் வெற்றுப் பை பெற்றவர்களுக்கும் பழகும் திறனில் வேறுபாடு இல்லை. அறிகுறிகளில் இல்லை. சொல்வளத்தில் இல்லை. சொந்த ரத்தமா, பிறர் ரத்தமா என்பதாலும் வித்தியாசம் வரவில்லை.

இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் உடனே கேட்டார், "ஆனா ஏதோ சில பிள்ளைங்களுக்கு நல்லாச்சுன்னு யூடியூப்ல சொல்றாங்களே?" கேள்வி சரியானது. கட்டுரையில் அந்தப் பகுதியும் இருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு இல்லாத குழந்தைகளை, அதாவது சொல் சாராத அறிவுத்திறன் 70க்கு மேல் உள்ளவர்களை, தனியே பிரித்து எடுத்துப் பார்த்தபோது ரத்தம் பெற்றவர்களிடம் தொடர்பாடல் மதிப்பெண் கொஞ்சம் கூடியிருந்தது. கண் எங்கே நிலைக்கிறது என்ற அளவீட்டிலும் மூளையின் மின் அலைப் பதிவிலும் சில மாற்றங்கள் தெரிந்தன.

இந்த மாதிரிக் கண்டுபிடிப்பை எப்படி எடுத்துக்கொள்வது? அந்த அம்மா பள்ளியில் கணக்கு எடுத்தவர் என்பதால் பரீட்சையை வைத்துச் சொன்னேன். ஒரு வகுப்புக்குப் புதுப் புத்தகம் கொடுக்கிறோம். பரீட்சையில் வகுப்பின் சராசரி ஏறவே இல்லை. மனசு கேட்காமல் பிரித்துப் பார்க்கிறோம். பெண் பிள்ளைகள்? இல்லை. பின் வரிசை? இல்லை. ஜன்னலோர வரிசை? அட, இங்கே ஏறியிருக்கிறது! ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்தப் புத்தகம் நன்றாக ஏறும் என்று அதற்கு ஒரு காரணமும் நமக்குத் தோன்றிவிடும், வெளிச்சம், காற்று என்று. ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரே வழி, அடுத்த வருஷம் ஜன்னலோரப் பிள்ளைகளை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு பரீட்சை நடத்துவது. நடத்துவதற்கு முன்பே புத்தகத்தை விற்கக் கூடாது. டியூக் குழந்தைகளை எடுத்த எடுப்பில் கண்டபடி பிரிக்கவில்லை. முதல் கட்டத்திலேயே அறிவுத்திறன் வேறுபாடு தெரிந்ததால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்படியிருந்தும், பிரதான கேள்விக்குப் பதில் 'இல்லை' என்று வந்தபிறகு கிடைக்கும் கிளைப் பதில், அடுத்த ஆய்வுக்கான கேள்வி மட்டுமே.

இன்னொரு கசப்பும் உண்டு. அந்தக் கிளைப் பதிலையே நம்பினாலும், அது யாருக்கு? அறிவுத்திறன் குறைபாடு இல்லாத குழந்தைகளுக்கு. சொத்தை விற்றாவது ஊசி போட வருபவர்கள் பெரும்பாலும் அந்த அளவை எட்டாத, ஒரு சொல்லும் பேசாத பிள்ளையின் பெற்றோர்.

டியூக் மட்டும்தானா என்றால், இல்லை. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் 29 குழந்தைகளுக்குச் சொந்தத் தொப்புள்கொடி ரத்தமும் வெற்றுக் கரைசலும் முறை மாற்றி மாற்றிக் கொடுத்த ஆய்வு 2018இல் வந்தது. அங்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை.

ஒரு கையில் ஆய்வு, மறு கையில்

டியூக்கை முழுதாகப் பாராட்டிவிட்டு நகர முடியவில்லை. 2017இலேயே, அதாவது இரண்டாம் கட்ட முடிவு வருவதற்கு மூன்று வருஷம் முன்பே, ஆய்வில் சேர முடியாத குழந்தைகளுக்காக 'விரிவுபடுத்திய அனுமதி' என்ற வழியில் தொப்புள்கொடி ரத்தம் ஏற்ற அமெரிக்க மருந்துத் துறையிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் அதற்குப் பெற்றோர் பணம் கட்ட வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி செய்யும் பால் நோஃப்லர் போன்றவர்கள் இதை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். வேலை செய்கிறதா என்று தெரியாத ஒன்றுக்கு, பெயர்பெற்ற பல்கலைக்கழகமே காசு வாங்கிக்கொண்டால், உலகம் முழுக்க உள்ள கடைக்காரர்களுக்கு அது விளம்பரம் ஆகாதா? 2021இல், முடிவு 'இல்லை' என்று வந்தபிறகு, ஃபுளோரிடாவின் கிரையோ-செல் என்ற தனியார் தொப்புள்கொடி வங்கி டியூக்கிடமிருந்து இந்தச் சிகிச்சைக்கான உரிமத்தை வாங்கியது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

ஆபத்தே இல்லையா என்ற கேள்விக்கும் ஒரு பதில் டியூக்கிலேயே உண்டு. தொப்புள்கொடித் திசுவிலிருந்து வளர்த்த மீசன்கைமல் என்ற இன்னொரு வகை ஸ்டெம் செல்களை 12 குழந்தைகளுக்குக் கொடுத்த சிறு ஆய்வு 2020இல் வந்தது. அதில் 5 பேரின் ரத்தத்தில் பிறர் திசுவுக்கு எதிரான புது எதிர்ப்பொருள்கள் உருவாகியிருந்தன. அப்போதைக்கு உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. பின்னாளில் அந்தப் பிள்ளைக்கு உறுப்பு மாற்றோ மஜ்ஜை மாற்றோ தேவைப்பட்டால் பொருத்தம் தேடுவது சிக்கலாகலாம்.

கையேட்டுக்குத் திரும்பினால்

இவ்வளவையும் படித்துவிட்டு மறுபடி கையேட்டைப் பிரித்தபோதுதான் கவனித்தேன். அந்த மருத்துவமனை தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றப்போவதே இல்லை. குழந்தையின் இடுப்பெலும்பில் ஊசி செருகி மஜ்ஜையை உறிஞ்சி, செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டு நீருக்குள் செலுத்துவது அவர்கள் முறை. டியூக் இதைச் செய்யவில்லை. டியூக்கின் தோல்வியடைந்த முடிவைக்கூட இவர்கள் கடன் வாங்க முடியாது. வேறு செல், வேறு வழி. தோசைக்கு வாங்கின பாராட்டை இட்லிக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி. அந்தத் தோசையும் கருகித்தான் போயிருந்தது.

மஜ்ஜைச் செல்லை முதுகுத்தண்டில் செலுத்தும் முறைக்கு இங்கே இருந்த ஆய்வு எது? 2013இல் மும்பையிலிருந்து வந்த ஒன்று அடிக்கடி காட்டப்படுகிறது. 32 பேர், ஒப்பீட்டுக் குழு இல்லை, செல்லோடு சேர்த்துத் தெரபியும் கொடுக்கப்பட்டது. பெரும்பாலோர் முன்னேறினார்கள் என்கிறது. 3 பேருக்கு வலிப்பு வந்ததாகவும், மருந்தில் கட்டுப்பட்டதாகவும் அதே கட்டுரை சொல்கிறது. கையேட்டில் முன்னேற்றம் இருந்தது, வலிப்பு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அந்தப் பையனின் அப்பா ஃபோனில் கேட்டார். அவர் வெளியூரில் வேலை. "தப்புன்னா கவர்மென்ட்டே மூடியிருக்குமே டீச்சர்?" நல்ல கேள்வி, பதில்தான் நன்றாக இல்லை. ரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்டவை தவிர எதற்கு ஸ்டெம் செல் பயன்படுத்தினாலும் அது ஆராய்ச்சி மட்டுமே, அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் செய்ய வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. ஆனால் வழிகாட்டி என்பது சட்டம் ஆகாது. 2019இல் வந்த புது மருந்து விதிகளில், செல்லைக் கணிசமாக மாற்றி வளர்த்தால் அது மருந்து என்ற கணக்கில் வரும். எடுத்த அன்றே பிரித்து அன்றே செலுத்தினால், நாங்கள் எதையும் மாற்றவில்லையே என்று வாதாட இடமிருந்தது. இந்தச் சந்துக்குள்தான் பல கிளினிக்குகள் கடை விரித்திருந்தன. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது, அப்படி விளம்பரம் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று முடிவு சொன்னது. நடுவில் நிறுத்தப்பட்ட சிகிச்சையைத் தொடரக் கேட்டு இரண்டு குழந்தைகளின் பெற்றோர் டெல்லி உயர்நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்கு மட்டும் 2023இல் தொடர அனுமதி கிடைத்தது. அந்தத் தீர்ப்பின் செய்தித்தாள் நறுக்கும் ஃபைலில் இருந்தது, 'நீதிமன்றமே அனுமதித்தது' என்று பேனாவால் அடிக்கோடிட்டு.

அப்பாவிடம் ஒரே ஒரு யோசனை சொன்னேன். மருத்துவமனையில் மூன்று கேள்வி கேளுங்கள். இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா? பதிவு எண் என்ன? ஆய்வு என்றால் என்னிடம் ஏன் காசு வாங்குகிறீர்கள்? இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "முதல் கேள்விக்கே கவுன்சலர் மேடம், டாக்டர் மீட்டிங்ல இருக்காருன்னுட்டாங்க." குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஜூன் 12ஐ ரத்து செய்தார்கள். முன்பணம் திரும்பி வரவில்லை.

சேமித்த தொப்புள்கொடி ரத்தத்தை என்ன செய்வது என்று அம்மா கேட்டார். தனியார் வங்கியில் காசு கட்டிச் சேமிப்பதை ஆராய்ச்சிக் குழுமமும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் பரிந்துரைப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன். இதற்குமேல் நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஊசிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியில் வாரம் மூன்று நாள் ஸ்பீச் தெரபியை ஐந்து நாளாக்கினார்கள். வேலையைக் குறைத்துக்கொண்டு அம்மா மதியத்தில் மையத்திலேயே உட்கார்ந்து, நாங்கள் செய்வதைப் பார்த்து வீட்டில் செய்தார். ஆகஸ்டில் ஒரு மாற்றமும் இல்லை. செப்டம்பரில் காய்ச்சல் வந்து மூன்று வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கற்றதில் பாதி போயிருந்தது. அம்மா ஒருநாள் கழிவறைப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன், பேச ஒன்றும் இல்லை.

டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பையன் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆயாம்மாவிடம் போனான். மூடி இறுகியிருந்தது. வழக்கமாக அவர் கையைப் பிடித்து மூடிமேல் வைப்பான். அன்றைக்குப் பாட்டிலை நீட்டி, அவர் முகத்தைப் பார்த்து, "மூடி தொற" என்றான்.

ஆயாம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து அறைப் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். அம்மா ஓடிவந்து, மறுபடி சொல்லவைக்கப் பார்த்து, அவன் சொல்லாமல் தண்ணீர் குடிக்க, பையிலிருந்து நோட்டை எடுத்து என்னிடம் தேதி கேட்டார். எழுதினார். பிறகு பக்கத்தைப் பின்னால் புரட்டி, அடித்துவிட்டிருந்த ஜூன் 12ஐ விரலால் தொட்டு, அங்கிருந்து ஒவ்வொரு மாதமாக எண்ணிக்கொண்டு வந்தார். ஆறு மாதத்துக்கு நாலு நாள் குறைவு.